லேபிள் இல்லாத இரண்டு குப்பி

1

நான் அடிலெய்ட் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கி இந்த மாதத்தோடு இருபத்தைந்து வருஷம். இங்கே நம் ஆள்களுக்கு இருபத்தைந்து வருஷம் ஆனால் ஒரு மண்டபம் பிடிப்பார்கள், பிளாஸ்டிக் தட்டில் பிரியாணி வைப்பார்கள், ஒருத்தருக்கொருத்தர் பொன்னாடை போட்டுக்கொண்டு போட்டோ எடுப்பார்கள். எனக்கும் போட வந்தார்கள். இந்த ஊர்க் குளிருக்குப் பொன்னாடை போதாது, கம்பளியாக இருந்தால் தாருங்கள் என்றேன். அதோடு போனவர்கள் பிறகு வரவில்லை.

அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். கேரள எல்லையில் என் ஊர்ப் பக்கம், பாறசாலையிலும் குன்னத்துகாலிலும் என்னைப் பற்றிப் பல கதை ஓடுவது எனக்குத் தெரியும். தங்கையன் வெளிநாட்டில் சாராயம் வாற்றுகிறான் என்று ஒரு கதை. குப்பி கழுவுகிறான் என்று இன்னொன்று. முதல் கதை பொய். இரண்டாவது ஒன்பது வருஷத்துக்கு மட்டும் உண்மை. அதற்குப் பிறகு நான் நாற்காலியில் இருக்கிறவன். எந்த நாற்காலி என்று சொல்கிறேன்.

எங்கள் ஒயின் ஆலையில் குளிர்காலம் வந்தால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலை பத்து மணிக்கு ஒரு மேசை போடுவார்கள். அதில் வெள்ளைத் துணி, கோப்பைகள், துப்புவதற்கு ஒரு வாளி. அந்த வருஷத்துத் திராட்சைகளில் எதை எதோடு எவ்வளவு கலப்பது என்று அங்கேதான் முடிவாகும். மேசைக்கு நாலே நாற்காலி. ஒன்றில் முதலாளி ஓட்டோ. அவருடைய தாத்தா ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர். ஒன்றில் கிரெக், ஒயின் செய்வதைக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவன், மீசை சரியாக முளைக்கவில்லை. ஒன்றில் என் மகள் ஷீபா, குப்பியில் ஒட்டுகிற லேபிளுக்கு வாசகம் எழுதுகிறவள். நாலாவதில் குன்னத்துகால் தங்கையன், படிப்பு மூன்றாம் கிளாஸ். மூன்றாம் கிளாஸ் பாஸா என்று கேட்காதீர்கள், ஓட்டோவே கேட்டதில்லை.

2

நாற்காலி எப்படிக் கிடைத்தது என்பதை நானே சொன்னால்தான் சரியாக இருக்கும். மற்றவர்கள் குறைத்துச் சொல்வார்கள்.

நான் கப்பலேறுவதற்கு முன்னால் ஏழு வருஷம் பாறசாலைப் பக்கத்தில் ஒரு கள்ளுக்கடையில் எடுத்துக் கொடுக்கிறவனாக இருந்தேன். காலைக்கள்ளு இனிக்கும். நேற்றைய கள்ளு முகத்தைச் சுளிக்க வைக்கும். பனங்கள்ளுக்கு ஒரு மணம், தென்னங்கள்ளுக்கு ஒரு மணம். உள்ளே வருகிறவனுடைய நடையைப் பார்த்தே எந்தப் பானையில் எத்தனை கை முக்கிக் கலந்து கொடுப்பது என்று எனக்குத் தெரியும். சுமடு தூக்கி வருகிறவனுக்குப் புளிப்புக் கூடுதல். பெண் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு இனிப்புக் கூடுதல். பெண்வீட்டார் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மறுபடியும் புளிப்பு.

இங்கே ஆலையில் ஒன்பது வருஷம் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துக் கழுவினேன். ஒரு நாள் மேசையில் ஓட்டோவுக்கும், கிரெக்குக்கு முன்னால் இருந்த பட்டதாரிக்கும் சண்டை. மூன்று தொட்டியில் மூன்று வெள்ளை ஒயின். ரீஸ்லிங் என்று ஒன்று, எலுமிச்சை இலை கசக்கின மாதிரி, கம்பு போல நேராக நிற்கும். கெவூர்ஸ்ட்ராமினர் என்று ஒன்று, பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தாகம் தீர்ந்துவிடும், கல்யாணக் காருக்குள் தலையை விட்ட மாதிரி மணக்கும். மூன்றாவது மஸ்கட். நம் ஊரில் மஸ்கட் என்றால் வீட்டுக்கொரு பையன் போயிருக்கிற இடம். இங்கே அது ஒரு திராட்சை. பேச்சு சத்தம் கூடிப் போனது. நான் கையில் குழாயோடு நின்றவன், மூன்றிலும் ஒவ்வொரு வாய் எடுத்துவிட்டு ஒரு கோப்பையில் என் கணக்குக்குக் கலந்து ஓட்டோவின் முன்னால் வைத்தேன். அவர் குடித்தார். துப்பவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நாலாவது நாற்காலி வந்தது.

இங்கே இதற்கு மணமுள்ள வெள்ளைக் கலவை என்று பெயர் வைத்து, மெடல் கொடுத்து, பத்திரிகையில் போடுகிறார்கள். நம் கடையில் இதைச் செய்ததற்கு இன்ஸ்பெக்டர் வந்தால் பின்வாசல் வழியாக ஓட வேண்டும். வேலை ஒன்றுதான். துணி மட்டும் வெள்ளை.

3

கழிந்த வருஷம் கலவை முடிந்து லேபிள் எழுதும் நேரம் வந்தது. குப்பியின் பின்பக்கம் இரண்டு வரி உண்டு, இந்த ஒயின் எந்தச் சாப்பாட்டுக்குச் சேரும் என்று. வருஷா வருஷம் கிரெக் சொல்வதை ஷீபா எழுதுவாள்: காரமான ஆசிய உணவுகளுக்கு உகந்தது. எனக்கு இந்த வரியைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். ஆசியா என்ன ஒரு சட்டியா? குன்னத்துகாலில் வைக்கிற கறி நெய்யாற்றின்கரைக்காரனுக்கே பிடிக்காது. அதையும் சைனாக்காரனையும் ஒரே தட்டில் போட்டால் என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

அப்படியென்றால் எது என்று ஓட்டோ கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. அவித்த மரச்சீனிக் கிழங்கும், மரவள்ளி என்பார்களே அது, சாளைமீன் கறியும் என்றேன். குடம்புளி போட்டு, வற்றல் முளகு அரைத்து, எண்ணெய் மேலே மிதக்க மண்சட்டியில் வைத்தது. ஒரு இறக்கு குடி, ஒரு தொடல் கறி. கள்ளுக்கடையில் ஏழு வருஷம் இதைக் கொடுத்தே கை சிவந்தவன் நான். இந்தக் கலவைக்கு இதைவிடப் பொருத்தமாக உலகத்தில் ஒன்றும் இல்லை.

கிரெக் சிரித்தான். இங்கே சாளையைத் தூண்டிலில் இரையாகத்தான் போடுவார்கள். நான் கடையில் போய்க் கேட்டால் என்ன மீன் பிடிக்கப் போகிறீர்கள் என்று கேட்பான். எண்ணெய் மீன் வெள்ளை ஒயினைக் கெடுக்கும் என்று புத்தகத்தில் இருப்பதாகக் கிரெக் சொன்னான். புத்தகம் எழுதினவன் எங்கள் பூவார்க் கடற்கரைச் சாளை தின்றிருக்கிறானா என்று நான் கேட்டேன். அப்போது என் மகள், என் சொந்த மகள், தலையை நிமிர்த்தி ஒன்று கேட்டாள். வீட்டில் அவள் பேசுகிற தமிழ் ஓட்டை வாளியில் கொண்டுவருகிற தண்ணீர் மாதிரி, பாதிதான் வந்து சேரும். ஆனால் அன்றைக்குத் தெளிவாகக் கேட்டாள்.

"அப்பா, நீங்க இந்த ஒயினையும் அந்தக் கறியையும் சேர்த்துச் சாப்பிட்டது உண்டா?"

இல்லை. ஐஸில் கட்டையாகக் கிடக்கிற இரையைக் கறிவைத்துத் தின்றால் பூவார்க் கடலுக்கு அவமானம் என்று நான் வாங்கியதே இல்லை. என் பெண்டாட்டி சரோஜா மீன்முளகு வைத்தால் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலை அடைப்பாள் என்பதும் ஒரு காரணம். நாக்குக்குத் தெரியும், வாயில் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை என்று சொன்னேன்.

கிரெக் அந்த நேரத்துக்குத்தான் காத்திருந்தான் போல. மேசையில் உட்காருவதற்கு ஒரு தகுதி வேண்டாமா என்று ஓட்டோவிடம் கேட்டான். என்னைப் பார்க்காமல் கேட்டான். மூன்றாம் கிளாஸைப் பற்றி இந்த மேசையில் முதல் தடவையாகப் பேச்சு வந்தது. என் வாய் இருக்கிறதே, அது எனக்கு முன்னால் போகிற வாய். ஆகஸ்டில் ஊருக்குப் போகிறேன், அங்கே வைத்துப் பார்ப்பேன், சேரவில்லை என்றால் இந்த நாற்காலியில் இனி உட்காரமாட்டேன், பழையபடி குழாயைப் பிடிப்பேன் என்று சொல்லிவிட்டேன். ஓட்டோ தொட்டியிலிருந்து இரண்டு குப்பி நிரப்பி, கார்க் அடித்து, என் கையில் தந்தார். லேபிள் இல்லை. நான் வந்து சொன்னால்தானே லேபிள்.

4

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து இரண்டு குப்பியையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். இது என்ன என்றார். வெள்ளை ஒயின் என்றேன். இது மஞ்சளாக அல்லவா இருக்கிறது என்றார். வெள்ளை என்று சொல்வது ஒரு மரியாதைக்கு என்றேன். லேபிள் எங்கே என்றார். அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்றேன். அவர் இன்னொருத்தரைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாக ஓட்டோ தந்த கடிதத்தை வாசித்தார்கள். எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் ஒரு பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கடைசியில், சாதாரணமாக எல்லாரும் விஸ்கிதானே கொண்டு வருவார்கள், உமக்கு என்ன கேடு என்று மலையாளத்தில் கேட்டுவிட்டு விட்டுவிட்டார்கள்.

பாரம் என்றால் எனக்குப் பழக்கம் உண்டு. ஆஸ்திரேலியாவில் முதல் பாரம் நிரப்பும்போது சொந்த ஊர் கேரளம், தாய்மொழி தமிழ் என்று சொன்னேன். அது எப்படி என்று அங்கே இருந்த அதிகாரி கேட்டான். எங்கள் ஊரில் அப்படித்தான் என்றேன். கொஞ்சம் மலையாளமும் உண்டு என்றேன். அவன் மலாய் என்று எழுதிக்கொண்டான். திருவனந்தபுரத்தில் நான் பாண்டி, நாகர்கோவிலில் மலையாளத்தான், அடிலெய்டில் ஏழு வருஷம் மலாய்க்காரன். மூன்று இடத்திலும் நான் திருத்தவில்லை. திருத்தினால் இன்னொரு பாரம் தருவான்.

குன்னத்துகாலில் அண்ணன் வீட்டில் இறங்கினேன். பெரிய அண்ணன், ரப்பரும் தென்னையும் உள்ள மனுஷன். நான் மூன்றாம் கிளாஸோடு நின்றதை இன்றைக்கும் ஊருக்குச் சொல்கிறவர். அண்ணன் அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார்த்தி வைத்திருந்தார். பெட்டியிலிருந்து நான் குப்பியை எடுத்ததும் அவர் முகம் கோணிப் போனது.

"எலே, இருவத்திநாலு வருஷம் சீமையில கெடந்துட்டு வாற ஆளு பேரில்லாத குப்பியா கொண்டு வாறது? இதுமாதிரி சாராயம் நம்ம ரப்பர் காட்டுக்குள்ளயே வாத்துவினுமே."

நான் விளக்கினேன். குளிரவைத்துத்தான் குடிக்க வேண்டும், மெதுவாக மணந்து பார்க்க வேண்டும் என்று. அதற்குள் ஒருத்தன் சோடா உடைத்துவிட்டான், இன்னொருத்தன் எலுமிச்சங்காய் பிழிந்துவிட்டான். ஓட்டோ பார்த்திருந்தால் ஜெர்மனிக்கே திரும்பிப் போயிருப்பார். அண்ணன் ஒரு மடக்கில் விழுங்கிவிட்டு, குழந்தைக்கு வயிறு வீங்கினால் கொடுக்கிற மருந்து இப்படித்தான் இருக்கும் என்றார். வந்தவர்களில் மூன்று பேர் ஆமாம் என்றார்கள். நாலாமவனுக்கு ஏப்பம் வந்தது. ஒரு குப்பி அப்படிப் போயிற்று. என் நாற்காலியின் இரண்டு கால் அன்றைக்குப் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5

மிச்சம் ஒரு குப்பி. அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பூவாருக்குப் போனேன்.

அங்கே பத்றோஸ் இருக்கிறான். கடல்காரன், என் கூட்டுக்காரன். அந்தக் காலத்தில் மீன் கொண்டுவந்து கடையில் இறக்கிவிட்டு, விற்றதில் பாதியை அங்கேயே குடித்துத் தீர்க்கிறவன். கள்ளையும் சாளையையும் சேர்த்துத் தின்பதில் அவனுக்கு மிஞ்சி ஒரு ஆளை நான் ஐந்து கண்டத்திலும் பார்த்ததில்லை. அவன் ஒரு வாய் குடித்து, ஒரு தொடல் தொட்டு, கொள்ளாம் என்று சொன்னால் போதும், கிரெக்கின் பட்டத்தை எடுத்து மீன் பொதிய வைத்துக்கொள்ளலாம். அந்தத் தைரியத்தில்தான் போனேன்.

வாசலில் என்னைக் கண்டதும் கட்டிப் பிடித்தான். குப்பியைக் கண்டதும் கையை விட்டான். இரண்டு மாதத்துக்கு முன்னால் தியானத்துக்குப் போய் ஏழு நாள் இருந்து குடியை விட்டுவிட்டானாம். வேதப்புத்தகத்தைத் தொட்டுச் சத்தியம்.

"எலே தங்கையா, நீ வாறது தெரிஞ்சிருந்தா ரண்டு மாசம் கழிஞ்சு போயிருப்பேனே," என்றான் பத்றோஸ். உண்மையான வருத்தம்.

போகட்டும், வாய் என்னிடமும் உண்டு என்று முடிவு பண்ணினேன். அவன் பெண்டாட்டி பிலோமினா மரச்சீனி அவித்தாள், அன்று கரைக்கு வந்த சாளையை நான் சொன்னபடி குடம்புளி போட்டு வைத்தாள். குப்பியைக் குளிர வைக்க ஃப்ரிட்ஜ் இல்லை. கரையில் மீன் போடுகிற ஐஸ் பெட்டியில் புதைத்து வைத்தோம், நெத்திலிக்கும் அயலைக்கும் நடுவில். கார்க் திருகுகிற கம்பி இல்லை. பத்றோஸ் வலை கட்டுகிற ஊசியால் கார்க்கை உள்ளே தள்ளினான். தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணினவன், ஊசியால் தொடுவதில் தோஷம் இல்லை என்று அவனே தீர்ப்புச் சொன்னான்.

பட்டப்பகல். வீட்டுக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்க்கிறார்கள். குடிக்கிறவன் நான் ஒருத்தன். குருசடியில் நேர்ச்சை முடிக்கிறவனைப் பார்ப்பது மாதிரி பார்க்கிறார்கள். ஒரு இறக்கு இறக்கினேன். நல்ல ஒயின், சந்தேகமே இல்லை. கிழங்கைப் பிட்டு, சாளைச்சாற்றில் தோய்த்து வாயில் வைத்தேன். ஆகா. பிறகு இரண்டாவது இறக்கு.

ஐயோ என்று கத்தவில்லை, அவ்வளவுதான். துருப்பிடித்த ஆணியை வாயில் போட்டுச் சப்பின மாதிரி இருந்தது. புளி ஒயினைத் தண்ணீராக்கிவிட்டது, மீனின் நெய் அதை இரும்பாக்கிவிட்டது, மணம் இருந்த இடம் தெரியவில்லை. முகத்தை மாற்றாமல் மறுபடி ஒரு தொடல், ஒரு இறக்கு. இன்னும் மோசம். கிரெக்கின் புத்தகம் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் என் நாக்கு திருப்பிச் சொன்னது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சாளைக்குச் சேருகிறது கள்ளு. நுரையும் புளிப்புமாக எண்ணெயை அறுத்துக்கொண்டு போகிற கள்ளு. இத்தனை வருஷமாகக் கையில் ஒயின் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, நாக்குக்குள்ளே நான் குடித்துக்கொண்டிருந்தது பாறசாலைக் கள்ளு. அதை வைத்து வெள்ளைக்காரன் மேசையில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

எப்படி உண்டு என்று பத்றோஸ் கேட்டான். கொள்ளாம் என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மெலிந்த கொள்ளாம் அதுதான்.

பிலோமினா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். குடிகாரனோடு முப்பது வருஷம் வாழ்ந்த பெண்ணிடம் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு பொய் சொல்ல முடியாது. அவள் வந்து கோப்பையை எடுத்தாள். குடிக்கவில்லை. அவள் ஒரு சொட்டும் குடித்ததில்லை, பூசையில் அச்சன், அதுதான் பாதிரியார், குடிப்பதைக் கண்டதோடு சரி. மூக்கின் கீழே பிடித்துக் கண்ணை மூடினாள்.

"அண்ணா, இதுக்குப் பன்னீர்ச் சாம்பக்காயிட மணம் ஆக்கும். சாம்பக்கா தின்னிட்டு ஆராவது சாளைக்கறி கூட்டுவினுமா?"

வருஷா வருஷம் அந்த மேசையில் ரோஜா என்கிறார்கள், லிச்சி என்கிறார்கள், மல்லிகை என்கிறார்கள், பத்து வார்த்தை போட்டுத் தேடுகிறார்கள். நம் வீட்டுக் கிணற்றடியில் உதிர்ந்து கிடக்குமே, மஞ்சள் நிறத்தில், கடித்தால் பன்னீர் மணக்குமே, அந்தச் சாம்பக்கா. அதேதான். ஒரே வார்த்தை. எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

அப்படியென்றால் எது சேரும் என்று கேட்டேன். கேட்டேன் என்று எழுதும்போது பேனா நிற்கிறது. நான் யாரிடமும் கேட்கிறவன் இல்லை.

அவள் உள்ளே போய் ஒரு சின்னச் சட்டியைக் கொண்டுவந்தாள். பத்றோஸ் உடனே, அதை எதுக்குப் பிள்ளே எடுத்துட்டு வாற என்று வெட்கப்பட்டான். குடியை விட்ட பிறகு அவனுக்கு வயிற்றில் புண் என்று டாக்டர் கண்டுபிடித்திருக்கிறார். புளி ஆகாது, முளகு ஆகாது. அதனால் ஆறு கடலில் சேருகிற பொழியில் பிடித்த கொஞ்சை, அதுதான் இறாலை, தேங்காய்ப்பாலில் வேகவைத்து, இஞ்சி தட்டிப் போட்டு, ஒரே ஒரு பச்சை முளகைக் கீறாமல் முழுசாகப் போட்டு எடுக்கிறாள். கூட இடியாப்பம். ஊரில் இதற்கு நோயாளிக் கறி என்று பெயர். பத்றோஸைக் கடல்காரர்கள் இதைச் சொல்லிக் கேலி செய்கிறார்களாம்.

ஒரு வாய் அது, ஒரு வாய் ஒயின். நான் கண்ணை மூடினேன். தேங்காய்ப்பாலின் இனிப்பு ஒயினைத் தாங்கிப் பிடித்தது. இஞ்சி போய் அந்தச் சாம்பக்கா மணத்தைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தது. கொஞ்சு இரண்டுக்கும் நடுவில் மரியாதையாக உட்கார்ந்தது. குப்பி தீருகிறவரை நான் நிறுத்தவில்லை. பத்றோஸ் என் வாயையும் குப்பியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கறியைத் தினமும் தின்கிறவனுக்கு அந்த ஒயின் இல்லை. ஆண்டவரின் ஏற்பாடுகளில் எனக்குச் சில சந்தேகம் உண்டு.

6

திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை நாலு நாற்காலியும் நிறைந்திருந்தது. கிரெக் தலையைச் சீவி வந்திருந்தான். சாளை என்ன ஆயிற்று என்று ஓட்டோ கேட்டார்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சாளை என்று சொன்னது இந்த மேசையில் யாராவது சரியான காரணம் சொல்லி மறுக்கிறார்களா என்று பார்ப்பதற்கு. புத்தகத்தில் இருக்கிறது என்பது காரணம் இல்லை. என் நாக்குக்கு முதலிலேயே தெரியும். இதன் மணம் பன்னீர்ச் சாம்பக்கா. இதற்குச் சேருவது தேங்காய்ப்பாலில் இஞ்சி தட்டிப் போட்ட இறால். புளி கூடாது, எண்ணெய் மீன் கூடாது.

கிரெக் அலமாரியில் போய்ப் பெரிய புத்தகத்தை எடுத்தான், பழத்தின் படத்தை நான் தேடிக் காட்டினேன். அதில் சாம்பக்காவுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரிலேயே ரோஜா இருந்தது. அவன் முகத்தை நான் ஒரு போட்டோ எடுத்திருக்க வேண்டும். ஓட்டோ எழுந்து வந்து என் தோளில் தட்டினார். அன்று மாலையே அவர் வீட்டில் இறால் வெந்தது. அடுத்த வாரம் லேபிள் அச்சுக்குப் போனது. ரோஜா மணக்கும் ஆப்பிள் என்று அவர்கள் சொல்கிற பழம், தேங்காய்ப்பால், இஞ்சி, இறால். ஆசியாக்காரனைக் காணோம். மூன்றாம் கிளாஸைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

ஷீபா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வீட்டில் வந்து சமையல் குறிப்புக் கேட்டாள், தேங்காயில் முதல் பாலை எப்போது ஊற்றுவது என்று. கொதிக்கும்போது என்றேன். அடுக்களையிலிருந்து சரோஜா சிரித்தாள். கொதிக்கும்போது முதல் பால் ஊற்றினால் திரிந்து போகும், இந்த மனுஷனுக்குத் தேங்காய் உடைக்கவே தெரியாது என்று மகளிடம் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகள் தமிழை மறப்பார்கள். இந்த மாதிரி விஷயத்தை மட்டும் மறக்கமாட்டார்கள்.

7

இதுவரை இந்த உண்மையை நான் யாருக்கும் சொல்லவில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம் மனசாட்சி என்று நினைத்தால் என்னை உங்களுக்குத் தெரியாது. ஓட்டோவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கிரெக்குக்குத் தெரியாது. ஷீபாவைச் சின்ன வயதில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினேன். எழுத்துக்களைப் படித்தாள், சொற்கள் வருவதற்கு முன்னால் நீச்சல் வகுப்புக்குப் போய்விட்டாள். ஆகையால் இந்தத் தாளில் நான் என்ன எழுதினாலும் அதை நம் ஊரில் நெய்யாறு தாண்டித்தான் யாராவது வாசிப்பார்கள் என்ற தைரியம். அந்த நாற்காலியில் நியாயமாக இருக்க வேண்டியவள் ஒரு சொட்டும் குடிக்காத பூவார்க்காரி பிலோமினா என்று எழுதி, ஒரு வரி விட்டு, சாய்ந்து உட்கார்ந்தேன்.

பின்னால் ஷீபா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. குனிந்து, தாளில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளினாள்.

"பி... லோ... மி... னா," என்றாள். "யாரு அப்பா அது? முன்னாடி பேஜ்லயும் இருக்கு."

என் பெயர் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று கேட்டேன். தேடிப் பார்த்தாள். மூன்று தடவை என்றாள். பிலோமினாவும் மூன்று தடவை என்றாள்.

சொல்லிவிட்டேன். ஊசி, ஐஸ் பெட்டி, ஆணி, சட்டி, எல்லாம். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நேரே போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள். இந்த வருஷத்து லேபிள் வெள்ளிக்கிழமை மேசைக்குப் போக வேண்டும், அதன் நகல் திரையில் வந்தது. இறாலும் தேங்காய்ப்பாலும் என்ற வரிக்குக் கீழே இங்கிலீஷில் இரண்டு சொல் அடித்தாள். பிலோமினா, பூவார்.

"நாற்காலி போயிரும் மக்கா," என்றேன்.

"போனா நின்னுக்கலாம் அப்பா. மூக்கு நின்னாலும் வேலை செய்யும்."

ஓட்டைவாளித் தமிழ் அன்றைக்கு ஒரு சொட்டும் ஒழுகவில்லை. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தேன். சரி, இருக்கட்டும், எழுத்தை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கு என்று சொன்னேன்.

அவள் ஒரு பித்தானை அழுத்தினாள். பெயர் பெரிதாயிற்று.